திறந்திருந்தால் என்று சொன்னவள்

எங்கள் வகுப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்து கிடக்கும் என்பதால் நான் 'பசை'. மடிப்புக் கலையாத சட்டையில் தினமும் வந்து நிற்பவன் 'மாப்பிள்ளை'. அவள் 'ஏணி'. உயரம் பாதிக் காரணம். கண்காட்சி என்று வந்துவிட்டால் மேலே எதை மாட்டவும் கழற்றவும் எல்லோரும் அவளைத்தான் தேடுவார்கள் என்பது மீதிக் காரணம். "ஏறி முடிச்சதும் எட்டி உதைக்காம இருந்தாச் சரி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அவள் எதற்குக் கோபப்பட்டாள் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு அது. பெரும்பாலோர் கல்லூரியிலிருந்து நேரே வந்து சேர்ந்தோம். ஏணி அப்படியில்லை. மருந்துப் பெட்டிகள் அச்சடிக்கும் நிறுவனம் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு வந்தவள். மாத்திரை அட்டை உள்ளே போகும் அந்தச் சின்னக் காகிதப் பெட்டிகளுக்கு எழுத்தும் நிறமும் அமைப்பது அவள் வேலை. ஒருநாள் அவளுடைய பெரியம்மா தூக்க மாத்திரையை இரத்தக்கொதிப்பு மாத்திரை என்று நினைத்துக் காலையில் போட்டுக்கொண்டு, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு பெட்டியும் ஒரே மருந்து நிறுவனத்துடையவை, அச்சடித்தது அவள் வேலை பார்த்த இடம்தான். ஒரே நீலம், ஒரே எழுத்து, ஒரே கோடு. கண் மங்கியவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

ஏணி இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

"சார், இது ரெண்டையும் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க. எது எதுன்னு சொல்லுங்க."

"கம்பெனின்னா ஒரு குடும்ப ஜாடை இருக்கணும்மா. அதான் அழகு."

"ஜாடை ஒண்ணா இருக்கலாம் சார். ஆளு மாறிப்போகக் கூடாதுல்ல?"

"நீ சொல்றத வச்சு மாத்த முடியுமா? டிசைன் படிச்சவங்க யாராவது வந்து சொல்லட்டும், பார்க்கலாம்."

"சரி சார். படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றாளாம். அவர் சிரித்தாராம். அவள் சிரிக்கவில்லை. அந்த வருடமே விண்ணப்பித்துவிட்டாள். அவளுடைய அப்பா லிப்டு பழுதுபார்ப்பவர். "நான் ஊருக்கெல்லாம் லிப்டு ஓட வைக்கிறேன், எம் பொண்ணு படியேறித்தான் போவேங்கறா. போ, மூச்சு வாங்கினா நின்னு போ" என்று அனுப்பிவைத்தார்.

வந்து பார்த்தால் படி பாதியிலேயே உடைந்திருந்தது.

எங்கள் பட்டறை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டப்படும். பகல் முழுக்க வகுப்பு. ஐந்து மணிக்கு மேல்தான் எங்களுக்குக் கை ஓயும். அந்த நேரம் பார்த்துப் பட்டறைப் பொறுப்பாளர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து நிற்பார். அவர் மேல் தப்பில்லை; இன்னொரு ஆளைப் போட்டால்தானே அவரும் வீட்டுக்குப் போக முடியும்? லேசர் வெட்டும் இயந்திரம் நாங்கள் சேர்ந்தபோதே பழுது. அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: 'விரைவில் சரி செய்யப்படும்.' காகிதம் மஞ்சளாகிப் போனதும் புதுக் காகிதம் ஒட்டினார்கள். இயந்திரத்தை யாரும் தொடவில்லை. நாங்கள் வாடகை அறையின் தரையில் உட்கார்ந்து, கையால் அட்டை வெட்டி மாதிரி செய்தோம். ஏணி தன் மாத்திரைப் பெட்டி மாதிரிகளை எல்லாம் சமையலறை மேடையில் வைத்துத்தான் செய்தாள். குழம்புக் கறை பட்ட ஒரு மாதிரியை மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்து, "கறை பட்டாலும் படிக்க முடியுதான்னு சோதிச்சுப் பார்த்தேன்" என்று சமாளித்தது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த பேராசிரியர் பாதி வருடம் வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் இருப்பார். மின்னஞ்சல் போட்டால், 'நல்ல திசை, தொடர்க' என்று பதில் வரும். எந்தத் திசை என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் அவளுடைய பெட்டிகளைக் கையில்கூட எடுக்காமல், "இது டிசைன் இல்லம்மா, சமூக சேவை" என்றார். துறைத்தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். ஏணி வெளியே வந்து, "பெரியம்மா விழுந்தது நிஜமான குளியலறையில. அதுக்கு என்ன பேரு வைக்கறதாம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

இவ்வளவையும் சொல்வதால் அங்கே நல்லதே இல்லை என்று நினைக்க வேண்டாம். எழுத்துருப் பாடம் எடுத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். ஒரு எழுத்தின் வளைவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், ஒருவரும் அசைய மாட்டோம். அதைவிட, நாங்கள் ஒருவருக்கொருவர் இருந்தோம். எனக்குக் கோடு கோணலாகப் போனால் ஏணி பிடித்து நிமிர்த்துவாள். மாப்பிள்ளையின் கணினியில் எங்கள் அத்தனை பேர் வேலையும் ஓடியிருக்கிறது. படிப்பு என்று எதையாவது அங்கே கற்றேன் என்றால் பக்கத்து மேசையில்தான் கற்றேன்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் சேர்க்கைப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்தார். அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு மாணவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்வது போல ஒரு கையேடு போடுகிறார்களாம். ஏணியின் மருந்துப் பெட்டி வேலை ஒரு போட்டியில் பரிசு வாங்கியிருந்த நேரம். சமூக சேவை என்று தள்ளிவிட்ட அதே வேலைதான். பரிசு வந்ததும் 'நம்ம துறையோட சாதனை' ஆகிவிட்டது. அந்த அம்மா பதிவுக் கருவியை மேசையில் வைத்து, மனம் திறந்து பேசச் சொன்னார். நான் பக்கத்தில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏணி சொன்னது என் காதில் விழுந்தது.

"பட்டறை ராத்திரி பகல்னு பார்க்காம திறந்திருந்தா நல்லா இருக்கும் மேடம். வழிகாட்டி பக்கத்துலயே இருந்தா, நெனச்சத இன்னும் நல்லா செஞ்சிருக்க முடியும். கூடப் படிக்கிறவங்கதான் எனக்கு இங்க எல்லாமே."

அந்த அம்மா, "ரொம்ப அழகாச் சொன்னீங்க" என்றார். பிறகு, ஓடாத லேசர் இயந்திரத்தின் முன்னால் அவளை நிறுத்தி, மேலே ஒட்டியிருந்த காகிதத்தை உரித்துவிட்டு, ஒரு படம் எடுத்தார். "பொத்தானத் தொடுற மாதிரி நில்லுங்க" என்றார். ஏணி, "தொட்டா எதுவும் ஆகாது மேடம், கரன்ட்டே வராது" என்றாள். அவர் அதற்கும் சிரித்தார்.

கையேடு வந்ததை எங்களுக்கு முதலில் சொன்னது கல்லூரி இல்லை, ஏணியின் அம்மா. ஏணி அதன் மின்பதிப்பைப் பார்க்கவே இல்லை. உறவுக்காரர் யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏணியின் அம்மா ஒரு அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி வந்தது. ஏணி கையில் கரண்டி இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"படம் நல்லா இருக்குடி. ஆனா கீழ போட்டிருக்கறத நீயா சொன்ன?"

"என்னம்மா போட்டிருக்கு?"

அவர் படித்தார். சுருக்கெழுத்துக் குறிப்பை அதிகாரிக்குப் படித்துக் காட்டுகிற அதே ஒட்டாத குரலில் படித்தார். "'பட்டறை இரவும் பகலும் திறந்திருந்தது. என் வழிகாட்டி எப்போதும் என் பக்கத்திலேயே இருந்தார். அதனால்தான் நினைத்ததைச் செய்ய முடிந்தது. இங்கு வந்த பிறகே எனக்குச் சிறகு முளைத்தது.'"

மாப்பிள்ளை அவள் முதுகை எட்டிப் பார்த்து, "சிறகா? எங்க, காணோமே" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"நான் திறந்திருந்தா நல்லா இருக்கும்னு சொன்னேம்மா. இருந்தா. இருந்தான்னு சொன்னேன்!"

"அதான் பார்த்தேன். இது நீ பேசுற பேச்சே இல்ல. சிறகு கிறகுன்னு நீ எந்தக் காலத்துல பேசின?" அவர் குரலில் சூடு ஏறியது. "நாப்பது அதிகாரிங்க சொன்னத எழுதினவடி நான். உளறினவங்களும் உண்டு. ஒருத்தர் வாயிலருந்து வராத வார்த்தைய ஒருநாளும் அவர் பேர்ல போட்டதில்ல. போட்டிருந்தா அன்னிக்கே வேலையவிட்டுத் தூக்கியிருப்பாங்க. இவங்க யாரு உன் வாயில வார்த்தைய வைக்க?"

ஏணி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

துறைத்தலைவர் அறை எப்போதும் குளிர்ந்திருக்கும். அழகான நாற்காலிகள் உண்டு, உட்கார வசதியானது ஒன்றுகூட இருக்காது. அவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே வந்திருக்கு?" என்றார்.

"நான் இதைச் சொல்லல சார்."

"அப்படியே போட முடியுமா? எங்கயும் கொஞ்சம் எடிட் பண்ணுவாங்க. அது மெருகு."

"மெருகு இல்ல சார். நான் இல்லைன்னு சொன்னத இருக்குன்னு மாத்தியிருக்காங்க. என் மூஞ்சிக்குக் கீழ."

"ஏம்மா, ஒரு எழுத்து ரெண்டு எழுத்துக்கு இவ்வளவா?"

"எழுத்து ஒண்ணுதான் சார் மாறியிருக்கு. அதுக்குள்ள முழுப் பூசணிக்காய மறைச்சிருக்காங்க."

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு தன்மையாகப் பேசினார். கையேடு அச்சாகிப் போய்விட்டது, திரும்ப வாங்க முடியாது. இதையெல்லாம் யார் வரிக்கு வரி படிக்கப் போகிறார்கள்? விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமா? அடுத்த வாரம் அவர்கள் வளாகத்தைப் பார்க்க வருகிறார்கள். மாணவர் சார்பில் ஏணிதான் பேச வேண்டும். என்ன பேசுவது என்று குறிப்பு கொடுத்துவிடுவார்கள். "நீயே நேர்ல பேசிடு. உன் மனசுக்கும் ஆறுதலா இருக்கும்" என்றார்.

"பேசறேன் சார்" என்றாள் ஏணி.

வெளியே வந்ததும், "நிஜமாவே பேசப் போறியா?" என்று கேட்டேன்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா, என் மனசு ஆறணும்னு அவர் கவலப்படறாரு பாரு. பேசறேன். எதப் பேசறதுன்னுதான் இன்னும் தெரியல."

அது உண்மை. அவள் அப்போது எந்தப் போருக்கும் கிளம்பிவிடவில்லை. படிப்பு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. இறுதிக் கண்காட்சிக்கு மதிப்பெண் போடுபவர் அதே துறைத்தலைவர்தான். அந்த வாரம் முழுக்க அவள் குறிப்பைப் படிப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தாள். "சிறக மட்டும் விட்டுட்டு மீதிய மழுப்பிடலாமா?" என்றுகூட ஒருமுறை கேட்டாள்.

விருந்தாளிகள் வருகிற நாளில் எங்கள் கட்டடம் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. தாழ்வாரத்தில் தொட்டிச் செடிகள். பட்டறையில் எல்லா விளக்கும் எரிந்தது. லேசர் இயந்திரத்தின் மேல் வெள்ளைத் துணி போர்த்தி, அதன் மேல் யாரோ செய்த ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். முதலாண்டு மாணவர்களைக் கையில் உப்புத்தாளோடு நிறுத்தி, ஆட்கள் உள்ளே வரும்போதெல்லாம் மரத்தைத் தேய்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் தேய்த்த இடத்தையே தேய்த்துத் தேய்த்துப் பலகையில் குழி விழுந்துவிட்டது.

வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சிலர் பெற்றோருடன் வந்திருந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன் மாணவர்களிடம் தனியாகப் பேசலாம் என்று ஒரு இடைவேளை விட்டார்கள். அப்போது முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்களை நோக்கி வந்தார். கையில் அந்தக் கையேடு, நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ஏணியின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானே இது?"

"ஆமாக்கா."

"நான் பஸ் ஓட்டறேன். ஓட்டினேன்." சிரித்தார். "டிரைவர் சீட்டு, கண்ணாடி, ஸ்டாப்புல வைக்கிற போர்டு, எதுவுமே ஓட்டுறவங்களக் கேட்டுச் செஞ்சதில்ல. ரொம்ப நாளா வரைஞ்சு வரைஞ்சு வச்சிருக்கேன். சின்ன வயசுல படிச்ச டிகிரி இருக்கு, ஆனா வீட்டுல ஆறு வயசுப் பையன். பகல்ல வகுப்ப மட்டும் முடிச்சுட்டு ஓடணும், அவன் ஸ்கூல் விட்டதும் கூட நான் இருந்தாகணும். ராத்திரி எங்கக்கா வந்து அவனப் பார்த்துப்பா, அப்பத்தான் பட்டறைக்கு வர முடியும். இது எப்படி நடக்கும்னு நெனச்சிட்டிருந்தப்பதான் நீங்க சொன்னதப் படிச்சேன். ராத்திரியும் திறந்திருக்கும்னு."

ஏணி என் கையைப் பிடித்தாள். இறுக்கமாகப் பிடித்தாள்.

"ஓட்டினேன்னு சொன்னீங்களேக்கா?"

"வேலைய விட்டுட்டேன். நேர்முகத்துக்குத் தயாராகணுமில்ல? போன வாரந்தான் எழுதிக் குடுத்தேன். உங்க வார்த்தைய நம்பித்தான் துணிஞ்சேன்னே வச்சுக்கங்களேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது நன்றி. அதுதான் தாங்க முடியவில்லை. யாரோ ஒருத்தி, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து 'இருந்தா'வை 'இருந்தது' ஆக்கியதற்கு, இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டு வந்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஏணி எதையாவது சொல்வதற்குள் மணி அடித்து எல்லோரையும் உள்ளே அழைத்துவிட்டார்கள்.

மேடையில் துறைத்தலைவர் ஏணியைப் பரிசு வாங்கியவள் என்று அறிமுகப்படுத்தினார். அவள் ஒலிவாங்கியை உயர்த்த வேண்டியிருந்தது. அவளுக்கு முன் பேசியவர் குள்ளம். ஏணி குறிப்பைக் கையிலேயே எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். உங்க கையில இருக்கற கையேட்டுல என் படத்துக்குக் கீழ ஒரு பேச்சு இருக்கு. அத நான் பேசல. நான் சொன்னது, பட்டறை ராத்திரியும் திறந்திருந்தா நல்லா இருக்கும்னு. திறந்திருந்தா. அது அஞ்சு மணிக்குப் பூட்டிடும்."

அரங்கில் காகிதங்கள் சலசலத்தன. துறைத்தலைவர் எழுந்தார். "அது வந்து, மாணவர்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு..."

"உணர்ச்சிவசப்படல சார். அளவு சொல்றேன்." அவர் பக்கம் திரும்பாமலேயே பேசினாள். "பக்கத்துக் கூடத்துல வெள்ளைத் துணி போத்தியிருக்கறது லேசர் மெஷின். நான் வந்ததுலருந்து ஓடல. படத்துல அதத்தான் தொட்டுட்டு நிக்கறேன். வழிகாட்டிங்க பாதி பேர் ஊர்ல இருக்கமாட்டாங்க, சேர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு யாருன்னு கேட்டு, அவங்கள நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. எழுத்துருப் பாடம் எடுக்கறவங்க மாதிரி ஒரு டீச்சர நான் பார்த்ததில்ல. அவங்களுக்காகவே வரலாம். கூடப் படிக்கறவங்க நல்லா அமைஞ்சா பாதிப் படிப்பு அவங்ககிட்டயே முடிஞ்சிடும். எனக்கு அமைஞ்சாங்க. உங்களுக்கு அமையுமான்னு என்னால சொல்ல முடியாது."

ஒலிவாங்கி செத்தது. யார் அணைத்தார்கள் என்று தெரியாது. ஏணிக்கு அது தேவைப்படவில்லை. அப்பாவோடு லிப்டுக் குழிக்குள் இறங்கி மேல் தளத்துக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை அது.

"உங்கள்ல சிலபேர் இந்த வரிய நம்பி வேலைய விட்டிருக்கீங்க. வீட்ட மாத்தியிருக்கீங்க. தயவுசெஞ்சு மறுபடி யோசிங்க. பொய்யச் சொன்னது நான் இல்ல. ஆனா மூஞ்சி என்னோடது. அதனாலதான் நானே வந்து சொல்றேன்."

முதல் கேள்வி கேட்டது ஒரு அப்பா. "மெஷின் எப்ப ஓடும்?" என்று துறைத்தலைவரைப் பார்த்துக் கேட்டார். "விரைவில்" என்றார் அவர். எங்கள் வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். பிறகு கேள்விகள் மளமளவென்று வந்தன. ஒரு பையன் போய் வெள்ளைத் துணியைத் தூக்கியே பார்த்துவிட்டான்.

கூட்டம் கலைந்த பிறகு மாப்பிள்ளை ஏணியைத் தாழ்வாரத்தில் மறித்தான். அவன் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உனக்கென்ன, பரிசு வாங்கிட்ட. நாளைக்கு நான் வேலைக்குப் போய் நிக்கும்போது, ஓ, அந்த ஓட்டை காலேஜான்னு கேப்பாங்க. எங்க டிகிரிய நீ எதுக்குடி நாறடிச்ச?"

"நாறுதுன்னு சொன்னவதான் குத்தவாளியா? அந்தக்கா வேலைய விட்டுட்டு வந்திருக்காங்கடா."

"அவங்க விசாரிச்சிருக்கணும்."

"விசாரிச்சாங்க. என்கிட்ட. கையேட்டுல."

அவன் திரும்பி நடந்துவிட்டான். ஆனால் அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு எங்களில் பாதிப் பேர் அவளிடம் பேசவில்லை. வாங்கப்போகிற பட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் பயம்தான். ஒரு நிறுவனம் பொய் சொன்னால் அந்தப் பொய்யைக் காப்பாற்றும் வேலை அதில் படிக்கிறவர்கள் தலையில் விழுகிறது. சம்பளமில்லாத காவல்காரர்கள் நாங்கள்.

பேருந்து ஓட்டும் அக்கா அன்றைக்கே தன் பணிமனைக்கு ஓடினார். ராஜினாமாவைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அது ஏற்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஏணியும் கூடப் போய் நின்றாள். மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும், "புதுசாச் சேர்ற மாதிரிதான் எடுக்க முடியும், பழைய வருஷமெல்லாம் கணக்குல வராதும்மா" என்றார். இத்தனை வருடம் ஓட்டியவரைப் புது ஆளாக எழுதி, யாரும் விரும்பாத விடியற்காலை வழித்தடத்தைக் கொடுத்தார்கள். அக்கா ஏணியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஏணி பலமுறை சொல்லியிருக்கிறாள். ஏணி சேர்க்கைப் பிரிவுக்குப் போய், "அவங்ககிட்ட ஒரு மன்னிப்பாவது கேளுங்க" என்றாள். அந்த அம்மா, "நாங்க யாரையும் வேலைய விடச் சொல்லலையே" என்றார்.

இறுதிக் கண்காட்சியில் ஏணிக்கு ஒதுக்கிய இடம் மாடிப்படிக்குக் கீழே, கழிப்பறைக் கதவுக்கு எதிரே. இடப்பற்றாக்குறையாம். நடு மண்டபம் காலியாகக் கிடந்தது. அவள் வாதாடவில்லை. தலை முட்டாமல் குனிந்து குனிந்து எல்லாவற்றையும் மாட்டினாள். அன்று மட்டும் நாங்கள் அவளுக்கு எடுத்துக் கொடுத்தோம். மாப்பிள்ளையும் வந்தான். பேசாமல் தன் விளக்கைக் கழற்றி அவள் பெட்டிகளுக்கு மேலே பொருத்திவிட்டுப் போனான். கழிப்பறைக்குப் போகிற எல்லோரும் அவள் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர். இன்றைக்கு ஏணி அங்கே வேலை செய்கிறாள். இதை வைத்து, பார்த்தாயா, எல்லாம் நன்மைக்கே என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். படிக்கட்டுக்குக் கீழே தள்ளியவர்கள் அவளுக்கு வழிகாட்ட அப்படிச் செய்யவில்லை.

அடுத்த வருடக் கையேடு வந்தபோது ஏணியின் படம் இல்லை. இயந்திரம் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு நின்றது, பலகையில் குழி விழத் தேய்த்த அந்தப் பெண். கீழே அதே வரிகள். அதே பட்டறை இரவும் பகலும் திறந்திருந்தது. அதே வழிகாட்டி பக்கத்திலேயே இருந்தார். சிறகைக்கூட எடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் அவர்கள் பேட்டியே எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கு ஏணி எனக்குப் போன் செய்து கத்திய கத்தலில் என் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விட்டார். "இனிமே உள்ள போய்க் கெஞ்சறதில்ல. வாசல்லயே நிப்போம்" என்றாள்.

அப்படித்தான் நிற்கிறோம். விண்ணப்பதாரர்கள் வளாகத்தைப் பார்க்க வரும் நாளில், எதிர்ச்சாரியில் இருக்கிற தேநீர்க் கடையின் பெஞ்சில் ஏணி உட்கார்ந்திருப்பாள். விடுப்பு போட்டுவிட்டு நானும் போவேன். முதல் வருடம் நாங்கள் இருவர்தான். இப்போது இன்னும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். எழுத்துரு ஆசிரியையும் ஒருமுறை வந்து எங்களோடு தேநீர் குடித்துவிட்டுப் போனார், ஒன்றும் பேசவில்லை. பேருந்து ஓட்டும் அக்கா தன் வண்டியை விட்டதும் சில சமயம் வருவார். தான் ராஜினாமா எழுதிக் கொடுத்த கதையைத் தானே சொல்வார், அழாமல், சிரிக்காமல். இருக்கை வரைபடங்களை ஏணியும் அவரும் சேர்ந்து இப்போதும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவை எங்கே போய்ச் சேரும் என்று இருவருக்கும் தெரியாது.

சென்ற முறை ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்சம் எரிச்சலாகவே, "அப்போ சேரலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள்.

"அத நான் சொல்லமாட்டேன்மா" என்றாள் ஏணி. "உன் வாயில வார்த்தைய வைக்க நான் யாரு? எதத் திறந்து பார்க்கணும்னு மட்டும் சொல்றேன். போய்ப் பாரு. துணி போத்தியிருந்தா தூக்கிப் பாரு."

வாசல் காவலர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். இது பொதுச் சாலை, இங்கிருந்து எழுப்ப அவருக்கு அதிகாரமில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஏணி அவருக்கும் ஒரு தேநீர் சொன்னாள்.